எல்லாமே கிருமிதானா? (கடிதம்)

வணக்கம் சார்,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வந்து ஒரு கேள்வி கேட்டாள். இட்லி மாவைப் பொங்க வைப்பது, ரொட்டியில் பச்சையாகப் படர்வது, மலேரியாவைத் தருவது, இந்த மூன்றும் ஒன்றுதானா என்று. எல்லாம் கிருமிதான், சிலது நல்லது, சிலது கெட்டது என்று சொல்லிவிட்டேன். "அப்போ எதுக்கு புத்தகத்துல இத்தனை பேர் போட்டிருக்காங்க, மனப்பாடம் பண்ணவா?" என்கிறாள். நான் சொன்னது சரியா?

க.

அன்புள்ள க.,

பாதி சரி. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஆனால் 'எல்லாம் கிருமிதான்' என்றதை மட்டும் மகளிடம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவைத்த உயிர்கள் அவை. அந்தச் சாக்கில் கைவிட்டு இரண்டை எடுத்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் உங்களுக்கும் உங்கள் வீட்டு முருங்கை மரத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

மாவிலிருந்தே தொடங்குகிறேன். மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். ஈஸ்டும் அதில் இருக்கலாம், ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது பாக்டீரியா, அதிலும் லூக்கோநாஸ்டாக் என்ற ஒரு வகை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே அது வீட்டுக்கு வந்துவிடுகிறது, யாரும் தனியாகச் சேர்ப்பதில்லை. ராத்திரி முழுக்க மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் புளிப்பையும் வெளிவிடுகிறது, உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது. இதைச் செய்யும் உயிருக்கு செல்லுக்குள் உட்கரு என்ற தனி அறைகூடக் கிடையாது. மரபுப்பொருள் அப்படியே உள்ளே சுருண்டு கிடக்கும்.

ரொட்டியில் பச்சையாகப் படர்வது பூஞ்சை, பெரும்பாலும் பெனிசிலியம். மகளுக்கு ஆச்சரியமாக இருக்கப்போகிற இடம் இதுதான்: பூஞ்சை, பாக்டீரியாவுக்கு உறவு இல்லை, செடிகொடிகளுக்குக்கூட அவ்வளவு உறவு இல்லை, நமக்குத்தான் உறவு. வம்சத்தைப் பின்னால் தேடிப்போனால் பூஞ்சையும் விலங்கும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. காளானின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் இறால் ஓட்டிலும் இருக்கிறது. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி பெனிசிலியத்திடம் கண்ட பெனிசிலின் மருந்து பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவைத் தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. பூஞ்சையின் சுவர் வேறு பொருள், நம் செல்களுக்கோ சுவரே இல்லை. அதனால் அந்த மருந்து இருவரையும் விட்டுவிடுகிறது.

இது ஏட்டு விஷயம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, அப்புறம் வட்டம் பெரிதானது, பிறகு முதுகுக்கும் போனது. தோல் மருத்துவர் அந்த டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, கூடவே பாக்டீரியாவுக்கான மருந்து இருக்கிறது, உங்களுக்கு வந்திருப்பது பூஞ்சை என்றார். ஸ்டீராய்டு என் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்க, பூஞ்சை நிம்மதியாக வளர்ந்திருக்கிறது. சரியான மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் அதை மட்டும் அடித்து நம்மை விட்டுவிடும் மருந்துகள் குறைவு. புத்தகத்தில் எதற்கு இத்தனை பேர் என்ற கேள்விக்கு என் இடுப்புத் தழும்பு ஒரு பதில்.

மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் இந்த இரண்டிலும் சேராது. அது புரோட்டிஸ்ட் என்ற இன்னொரு கூட்டம். அதன் செல்லுக்குள் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, ஒரு காலத்தில் பாசியிடமிருந்து வந்தது, இன்றைக்கு ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, ஆனாலும் அது இல்லாமல் பிளாஸ்மோடியத்தால் பிழைக்க முடியாது. கொசுவின் வயிற்றிலும் நம் ரத்தத்திலும் வாழும் ஓர் உயிருக்குள் பாசியின் எச்சம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

புரோட்டிஸ்ட் என்பதும் உண்மையில் ஒரு குடும்பம் இல்லை, வேறெங்கும் சேராததையெல்லாம் போட்டுவைத்த பெட்டி. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழுகவைத்து, சுமார் 10 லட்சம் பேர் சாகக் காரணமான ஃபைட்டோப்தோரா அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பார்த்தால் அப்படியே பூஞ்சை. நூல் நூலாக வளரும், வித்து விடும். ஆனால் சுவரில் செல்லுலோஸ், உறவு கடற்பாசிகளோடு. பூஞ்சைக்கென்று செய்த மருந்துகளில் பல இதனிடம் பலிப்பதில்லை. மேற்கு மலைத்தொடரின் பாக்குத் தோட்டக்காரர்களுக்கு மழைக்காலத்தில் காய் அழுகி உதிரும் நோய் நன்றாகத் தெரியும். அதுவும் இந்த வம்சத்தின் வேலைதான், அதற்குத்தான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் குலைகளில் அடிக்கிறார்கள்.

உங்கள் மகள் பட்டியலில் இல்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயல் சேற்றில் கால் வைத்தால் குமிழ் வரும் அல்லவா, அதில் இருக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குவது ஆர்க்கியா என்ற நுண்ணுயிர். மாட்டின் வயிற்றிலும் இருக்கிறது, சாண எரிவாயுக் கலனிலும் இருக்கிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியாவிலிருந்து பெரும்பாலும் பிரித்துச் சொல்லவே முடியாது. 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இது தனி வம்சம் என்று தெரிந்தது. மனிதருக்கு நோய் தருவதாக ஒரு ஆர்க்கியாகூட இதுவரை உறுதியாகவில்லை. அதையும் கிருமி என்றால் பாவம் இல்லையா?

சொல்லிப் புரியவைப்பதைவிட காட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி வைக்கோலைக் குளத்துத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். நாற்றமடிக்கும், பரவாயில்லை. மேலே படரும் ஏட்டுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் புரோட்டிஸ்ட் இருக்கும், செருப்பு வடிவத்தில், உருண்டு உருண்டு நீந்தும். பாக்டீரியாவைக் கடுகு என்று வைத்துக்கொண்டால் பாரமீசியம் மட்டை உரிக்காத தேங்காய். பக்கவாட்டில் ஒரு குழி இருக்கிறது, அதற்குள்தான் அந்தக் கடுகுகள் போகின்றன. உடம்பின் இரு கோடியிலும் ஒரு சின்ன வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே வரும் தண்ணீரை வெளியே இறைக்கும் ஏற்றம் அது. நிமிஷத்துக்கு எத்தனை முறை இறைக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதச் சொல்லுங்கள்.