பிரேக்கர்ஸ் மாளிகை: கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் நகரில், ரயில் பாதைகளால் செல்வம் குவித்த வாண்டர்பில்ட் குடும்பத்தின் 'பிரேக்கர்ஸ்' மாளிகையைப் பார்த்தேன். 70 அறைகள்! அந்தப் பளிங்குக் குளியல் தொட்டி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதை விக்டோரியன் மாளிகை எனலாமா? இன்றைய கோடீஸ்வரர்களிடம் இல்லாத ரசனை அன்றைய செல்வந்தர்களிடம் இருந்தது என்று தோன்றியது. சரிதானே?

அன்புள்ள தம்பி,

மலைத்துப்போனதில் தவறே இல்லை. அந்தக் கூடத்தில் நானும் வாயடைத்து நின்றிருக்கிறேன். ஆனால் 'ரசனை' என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

அந்தத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒற்றைப் பளிங்குக் கல்லில் குடைந்தது. நான்கு குழாய்கள்: நன்னீரிலும் கடல்நீரிலும் சூடும் குளிருமாக. கல்லின் சில்லிப்பு விடும்வரை வெந்நீரை நிரப்பி வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். முதலாளி கால் வைப்பதற்கு முன் அங்கே வேலையாள் எவ்வளவு நேரம் குனிந்து நின்றிருப்பார்! தொட்டி உங்கள் கண்ணில் நிற்கிறது, அவர் ஏன் நிற்கவில்லை? இத்தனையும் கோடையின் சில வாரங்களுக்காக.

கட்டடக் கலைஞர் ஹன்ட்டைப் பாராட்டுங்கள். 1892இல் அதே இடத்திலிருந்த பழைய வீடு எரிந்துபோனதால், கொதிகலனை வீட்டுக்கு வெளியே நிலத்தடியில் வைத்துச் சுரங்கம் வழியே இணைத்தார். அது அறிவு.

ஆனால் பணம்? 1894இல் அமெரிக்க நாடாளுமன்றம் 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி விதித்தது. 2 விழுக்காடு, அவ்வளவுதான். அதையும் 1895 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிரேக்கர்ஸ் கட்டி முடிந்ததும் அதே ஆண்டுதான். 1913இல் அரசியல் சட்டத்தையே திருத்திய பிறகுதான் வருமான வரி நிலைபெற்றது. ரயில் பாதைகள் கொட்டிய வருமானத்தில் வரியாக ஒரு காசும் கொடுக்க வேண்டாத காலத்தில் வாங்கி அடுக்கிய பளிங்கு அது. அதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள், தம்பி. இரண்டு விழுக்காட்டைக்கூடக் கொடுக்க மனம் வராத வர்க்கம் அது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இன்றைய கோடீஸ்வரர்களோடு ஒப்பிடுவது வீண் பேச்சு.

விக்டோரியனா என்று கேட்டிருந்தீர்கள். காலத்தால் ஆம், விக்டோரியா அரசி இங்கிலாந்தை ஆண்ட காலம்தான்; பாணியால் இத்தாலிய மறுமலர்ச்சி. அசல் விக்டோரியன் வேண்டுமானால் அதே ஊரின் பெல்வியூ அவென்யூவில் 'ஷாட்டோ சுர் மெர்' மாளிகை இருக்கிறது. 1852இல் எழுந்தது; சீன வணிகத்தில் சம்பாதித்த பணம். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதில் அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி நான்கு வரியாவது இருக்கட்டும்.