குடியுரிமைப் பாடவேளையில் கணிதம்

வணக்கம். என் மகள் தரம் 9 படிக்கிறாள். நேரசூசியில் குடியுரிமைக் கல்வி இருக்கிறது. ஆனால் இந்தத் தவணை முழுக்க அந்தப் பாடவேளையில் கணிதம்தான் நடக்கிறது. கேட்டால், "சோதினைக்கு அதுதானே முக்கியம்" என்கிறார்கள். மற்றத் தாய்மாருக்கும் அதில் சந்தோசம். நான் மட்டும் இதைப் பிழை என்று சொல்லலாமா?
ஒரு தாய், கோப்பாய்

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். மற்றத் தாய்மாரையும் நான் குறை சொல்லமாட்டேன். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல், அதாவது மொழியையும் மாவட்டத்தையும் பார்த்து வெட்டுப்புள்ளியை மாற்றும் முறை, வந்ததிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் பயந்து வாழ்ந்த சமூகம் இது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் தரப்படுத்தல் ஓர் அரசியல் தீர்மானம். அப்படியான தீர்மானங்களை யார் எடுக்கிறார்கள், எங்கே எதிர்த்துக் கேட்கலாம் என்று தெரியாத பிள்ளை கணிதத்தில் ஏ எடுத்தாலும் பாதிப் படிப்புத்தான் படித்திருக்கிறது.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த, இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் பற்றி நாங்கள் மேடைதோறும் கதைக்கிறோம். தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் அதன்படிதான் மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் போயின. சபை இல்லாதபோது மாகாண நிர்வாகத்தை நடத்தும் ஆளுநர் நியமிக்கப்படுபவர், எங்கள் வாக்கால் வந்தவர் அல்ல. அப்படியென்றால் எங்கள் பள்ளிக்கூடங்களுக்காக யார் எங்களுக்குப் பதில் சொல்வது? பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி விளங்கும். அதைக் கேட்கவேண்டிய பாடவேளையைத்தான் எடுத்துவிட்டோம்.

ஆசிரியர்மேல் கோபப்பட வேண்டாம். மேலிடம் அதிபரிடம் கேட்பது கணிதச் சித்தி வீதத்தை. குடியுரிமைக் கல்வி எத்தனை வேளை நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத விடயம் பள்ளியில் நடக்காது.

ஆகவே நீங்கள் கேளுங்கள். முதலில் அதிபரிடம் பண்பாக, ஆனால் எழுத்தில். அடுத்தது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பெற்றோர் என்ற வகையில் உங்களுக்கு அங்கே இடம் உண்டு. அதன் பிறகு வலயக் கல்விப் பணிமனை. அங்கும் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று. சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயம், குடியுரிமைக் கல்வி விருப்பப் பாடம். தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும்போது மகள் அதைக் கேட்டால், "புள்ளி வராது" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.