பேலியோவா, 16:8-ஆ, சிறுதானியமா? எடைக் குறைப்பு கேள்வி–பதில்

பொங்கல் முடிந்த கையோடு எடைக் குறைப்புக் கடிதங்கள் குவிவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு நாலைந்து வரி போதும்.

இரண்டு வருஷம் முன்பு பேலியோ இருந்து மூன்று மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். விட்டதும் 11 கிலோ ஏறிவிட்டது. அப்புறம் கீட்டோ, ஜூஸ் டயட் என்று எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. என் உடம்புக்கு எந்த டயட்தான் ஒத்துவரும்? டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, 38 வயது, திருப்பூர்

டெஸ்டுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு உங்கள் கேள்வியைத்தான் சோதித்துப் பார்த்தது. முடிவு 2018-ல் வெளியானது. மொத்தம் 609 பேர். பாதிப் பேருக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு, மீதிப் பேருக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடு, ஒரு வருஷம். சராசரியாக முதல் குழு 5.3 கிலோ இறங்கியது, அடுத்தது 6 கிலோ. புள்ளிவிவரப்படி அது ஒரு வித்தியாசமே இல்லை. யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மரபணுவும் காட்டிக்கொடுக்கவில்லை, இன்சுலின் சுரப்பும் காட்டிக்கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு குழுவிலுமே இருபது கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் உண்டு, எடை ஏறியவர்களும் உண்டு.

மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோவில் உங்களுக்கு 9 கிலோ எப்படிப் போனது? முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அது வடிந்துவிடும். அதன் பிறகு இறங்கியது நிஜமான எடைதான். சோறு, தோசை, பிஸ்கட், பஜ்ஜி, டீயில் போடும் சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனதே காரணம். காலையில் எண்ணி எண்ணிச் சாப்பிட்டிருப்பீர்களே, 100 பாதாம்? அதுவே ஏறக்குறைய 700 கலோரி. நாலு இட்லியும் சட்னியும் அதைவிடக் குறைவுதான். ஆனால் பாதாம் சாப்பிட்டால் மதியம் வரை பசி தலைகாட்டாது. அதனால் நாள் கணக்கில் மொத்தம் குறைந்தது.

திரும்ப ஏறிய கதையும் எனக்குப் பழக்கமானதே. பேலியோவை விடுகிறவர்கள் சோற்றைத் திரும்பக் கொண்டுவருவார்கள். அந்த மூன்று மாதத்தில் பழகிய வெண்ணெயையும் சீஸையும் மட்டும் விடமாட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் 11 கிலோ ஆச்சரியமே இல்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். டயட் பெயர்களுக்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் ஒண்ணும் இறங்காது, நாலு மணிக்கு கம்பெனி டீயோட ரெண்டு பஜ்ஜி, ராத்திரி பத்து மணிக்குத்தான் நிம்மதியா உக்காந்து சாப்பிடுவேன்." உங்களுக்கான டயட் இந்த வரியில் இருக்கிறது. காலையில் இரண்டு முட்டை, இரண்டு இட்லி. வீட்டில் உட்கார நேரமில்லையென்றால் டப்பாவில் கொண்டுபோய் பத்தரை மணிக்குச் சாப்பிடுங்கள். நாலு மணிக்கு டீ இருக்கட்டும், பஜ்ஜிக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி வீடு திரும்பியதும் முதலில் சாப்பாடு, பிறகுதான் மற்ற வேலை. அது எட்டரைக்கு முடிந்தால் நல்லது. மதியச் சாப்பாட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். மூன்று வாரம் பாருங்கள். பத்து மணிப் பசி அடங்கினால் வழி சரி என்று அர்த்தம். எதை மாற்றினாலும், அடுத்த தீபாவளிக்கும் இப்படியே சாப்பிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றுவதைத் தொடங்காதீர்கள்.

16:8 முறையில் மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும்தான் சாப்பிடுகிறேன். ஒன்றரை மாதத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. காலையில் வெறும் காபிதான்.
– வாசகர், 31 வயது, சோழிங்கநல்லூர்

நேரத்துக்கு என்று தனி மந்திரம் கிடையாது. சீனாவின் குவாங்ஜோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை வைத்து ஒரு வருஷம் ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் கூடுதலாகக் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிட வேண்டும். அந்தக் குழு 8 கிலோ இறங்கியது, நேரக் கட்டுப்பாடு இல்லாத குழு 6.3 கிலோ. அந்த இடைவெளியும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான்.

16:8 யாருக்குக் கைகொடுக்கும் என்றால், ராத்திரி ஒன்பதுக்கு மேல் டிவி முன்னால் மிக்சர் டப்பாவோடு உட்காருகிறவர்களுக்கு. 100 கிராம் மிக்சர் 500 கலோரியைத் தாண்டும்; கதவைச் சாத்தினால் அது மிச்சம். நீங்கள் அந்த ரகம் இல்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, 'பதினாறு மணி நேரம் தாங்கிவிட்டோமே' என்ற தைரியத்தில் பன்னிரண்டு மணிக்கு ஃபுல் மீல்ஸ், ஐந்து மணிக்கு பப்ஸ், ஏழே முக்காலுக்கு அவசரமாக பரோட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மணி நேரத்துக்குள் ஒரு நாள் சாப்பாட்டையும் அதற்கு மேலும் முடித்துவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு, அந்த 'வெறும் காபி' பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டது. ஒரு டம்ளருக்கு நூறு கலோரி வரும். காலையில் சாப்பிடுங்கள். ராத்திரி எட்டுக்கு மேல் வேண்டாம் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டா வாரம் ஒரு நாள்.

அரிசியை அறவே விட்டு சாமை, வரகு, கம்பு என்று மாறி நான்கு மாதம் ஆகிறது. எடை அப்படியே இருக்கிறது. நாங்கள் சைவம்.
– வாசகி, 45 வயது, கும்பகோணம்

சமைக்காத நிலையில் 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 356 கலோரி. கம்பு 348, சாமை 346, கேழ்வரகு 321. நார்ச்சத்து சிறுதானியத்தில் அதிகம், அது நல்லதுதான். ஆனால் சாமைச் சோறு என்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும். தோசையாக வார்த்தால் எண்ணெய் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது.

ஆகவே தானியம் எது என்பதை விட்டுத்தள்ளுங்கள், அரிசிச் சோறே சாப்பிடுங்கள். அளவு ஒரு கப். காலியாகும் இடத்தில் பருப்பு வரட்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டுக்கொடுத்த 2,000 கலோரித் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், இரண்டும் சமைக்காத எடை. 85 கிராம் என்பது ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். ஐந்து பேர் வீட்டில் ஒரு டம்ளர் துவரம்பருப்பில் வைக்கும் சாம்பாரில் உங்கள் பங்குக்கு என்ன வரும்? பருப்பு உசிலி, அடை, கெட்டிக் கூட்டு, சுண்டல், பனீர், வீட்டுத் தயிர் என்று தினமும் இரண்டையாவது சேருங்கள். அடைக்கு எண்ணெயைச் சுற்றி ஊற்றுவது வேறு விஷயம். அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான். இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை 78-ல் நிற்கிறது. தைராய்டுதானே காரணம்?
– வாசகி, 42 வயது, நாமக்கல்

தைராய்டு குறைபாடு தன் பங்குக்கு ஏற்றும் எடை பெரும்பாலும் 2 முதல் 4.5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரை போட்டு டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருந்தால் மீதிப் பழியை அதன்மேல் போட முடியாது.

உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. '1,200 கலோரிக்கும் கீழேதான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது' என்று நொந்துபோயிருந்தவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்; செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நினைவில் நிற்காததை எப்படிச் சொல்வார்கள்?

சமையல் செய்கிறவர்கள் தட்டில் விழுவதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். குழம்பு உப்புப் பார்த்தது, பையன் மிச்சம் வைத்த அரைத் தோசையைக் கொட்ட மனமில்லாமல் வாயில் போட்டது, பொரித்த அப்பளத்தில் நொறுங்கினது, மாமியாருக்குக் கலந்த காபியில் மிஞ்சினது, இதெல்லாம் எந்தத் தட்டிலும் வராது.

அடுத்து எண்ணெய். மாசம் ஐந்து லிட்டர் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், நான்கு பேர் வீடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 38 கிராம் வருகிறது. நான் மேலே சொன்ன 2,000 கலோரித் தட்டில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான். கடலை எண்ணெயோ, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயோ, கிராமுக்கு 9 கலோரி என்பதில் மாற்றமில்லை. இந்த மாதம் மூன்றரை லிட்டர் வாங்கி அதற்குள் ஓட்டுங்கள். தூக்கிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள். சமையலறையில் நின்றபடி எதையும் வாயில் போடுவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தோசை வீணாகிறதே என்றால், பையனுக்கு முதலிலேயே ஒரு தோசை குறைத்து வையுங்கள். தட்டில் இருக்கும் இரண்டு இட்லியைக் குறைக்கவே வேண்டாம்.

எனக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எடை குறைய ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி எழுந்தேன். தொடரலாமா?
– வாசகர், 56 வயது, காரைக்குடி

கூடாது. இன்றிரவே சாப்பிடுங்கள், நாளைக்கு டாக்டரைப் பாருங்கள். கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். நீங்கள் சொல்லும் வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறிகள். மறுபடி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

எடை குறைக்க நினைப்பது நல்ல முடிவு, வழிதான் தப்பு. பிரிட்டனில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. கவனியுங்கள், அங்கே உணவைக் குறைத்த அன்றே மருத்துவர்கள் மாத்திரையையும் நிறுத்தினார்கள். உங்களுக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டதால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் மாத்திரை அளவு குறைய வாய்ப்புண்டு. இன்னொரு எச்சரிக்கை: டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதும் ஒதுக்கும் கீட்டோ பக்கமே போகக் கூடாது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்விடும்.

வெந்நீரில் தேன், எலுமிச்சை, சீரகத் தண்ணீர், கொள்ளு ரசம். எது கொழுப்பைக் கரைக்கும்?
– பலர்

எதுவும் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரிக்கு மேல். சீரகத் தண்ணீர் தாகத்துக்கு நல்லது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைக் கேட்டு ரசத்தை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளைக் கொட்டிவிடாதீர்கள். புரதமும் நாரும் வெந்த கொள்ளில்தான் இருக்கிறது. சுண்டலாகவோ மசியலாகவோ சாப்பிடுங்கள்.

மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தது. கடைசி மூன்று வாரமாகத் தராசு நகரவில்லை. நடைப்பயிற்சியும் விடவில்லை. சாப்பாட்டை இன்னும் பாதியாகக் குறைக்கட்டுமா?
– வாசகி, 50 வயது, திருநெல்வேலி

வேண்டாம். 6 கிலோ இளைத்த உடம்புக்கு முன்பு தேவைப்பட்ட அளவு இப்போது தேவைப்படாது. பசியும் முன்பைவிடக் கூடும். சாப்பாட்டைப் பாதியாக்கினால் தசைதான் கரையும், பதினைந்து நாளில் பொறுமையும் போய்விடும். இதே அளவில் இன்னும் ஒரு மாதம் நில்லுங்கள். நடையோடு வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள்.

தராசு நகராத காலம் வீண்காலமும் இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை உணவு, நடை இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, இத்தனைக்கும் எடை பெரிதாக இறங்கவில்லை. எனவே இந்த மாதம் தராசுக்குப் பதில் தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, இறுக்காமல் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து அளவு எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்து என்ன மாற்றலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.