காப்புரிமை: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கண்ணாடி வில்லை, கேள்விக்குப் பதில் சொல்லும் மென்பொருள், வேலை அட்டவணை ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்குப் பதிவு பெற்ற காப்புரிமை முகவர் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஃபிரேமை மாட்டியிருக்கும்போதே பைஃபோகல் (தூரத்துக்கும் கிட்டத்துக்குமான இரட்டைப் பார்வை வில்லை) கோட்டின் உயரத்தைக் குறிக்கும் கிளிப் ஒன்றைச் செய்திருக்கிறேன். கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகள் பாராட்டினார்கள். காப்புரிமை கிடைக்குமா?

ஐயா, முதலில் அதை இனி யாரிடமும் காட்டாதீர்கள். விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளிக்கு வந்துவிட்ட பொருள் புதியது அல்ல என்பதே சட்டத்தின் அடிப்படை. பிரதிநிதிகள் பார்த்ததை எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பார்த்தார்களா, ரகசியமாக வைத்திருக்கும் உறுதியோடு பார்த்தார்களா என்பதைப் பொறுத்தே உங்கள் நிலை அமையும். உங்கள் தொழிலின் வரலாறே இதற்குச் சான்று. மிடில்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கைவினைஞரான லிப்பர்ஷே 1608 அக்டோபரில் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு நெதர்லாந்து அரசுச் சபையிடம் விண்ணப்பித்தார். சில வாரங்களுக்குள் மேட்டியஸ் என்பவரும் அதே கருவியோடு வந்து நின்றார். பலருக்கும் தெரிந்துவிட்ட கருவி என்று உரிமை மறுக்கப்பட்டது. ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817இல் கலைடாஸ்கோப்புக்குக் (கண்ணாடிகளால் வண்ணக் கோலம் காட்டும் குழல்) காப்புரிமை வாங்கியும், மாதிரி லண்டன் கடைக்காரர்கள் கைக்குப் போனதால் நகல்கள் ஊரெங்கும் பெருகி, அவருக்குப் பெரிதாகப் பயன் கிட்டவில்லை.

இப்போதைக்குத் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விவரித்துத் தேதியை உறுதிசெய்யும் முதற்கட்ட ஆவணத்தை, தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தராவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். "உயரம் குறிக்கும் கிளிப்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அது ஃபிரேமின் கீழ்விளிம்பை எப்படிப் பற்றுகிறது, தலை சாய்ந்தாலும் அளவுகோல் எப்படி நேராக நிற்கிறது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேறு எதை வைத்தால் அதே வேலை நடக்கும் என்பதையெல்லாம் படத்துடன் எழுதுங்கள்.

வியாசர்பாடி மாணவி: ரேஷன் அட்டை பற்றிய கேள்விகளுக்குத் தமிழில் பேசிப் பதில் சொல்லும் மென்பொருள் செய்திருக்கிறேன். அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப் போகிறோம். காப்புரிமை உண்டா?

காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே), கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் (படிப்படியான கணக்கீட்டு வழி) ஆகியவற்றை விலக்கி வைக்கிறது. ஆனால் "வெறும்" என்ற சொல்லில்தான் வழி திறக்கிறது. நிரலால் ஒரு தொழில்நுட்ப விளைவு உண்டாகிறதா என்று பார்க்க வேண்டும் என டெல்லி உயர்நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் கூறியது. புதிய வன்பொருளும் வேண்டும் என்று 2016இல் வந்த வழிகாட்டுதல் 2017இல் நீக்கப்பட்டது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே நீங்கள் செய்தது என்ன? நெட்வொர்க் இல்லாத மலிவான கைப்பேசியிலும் குறைந்த நினைவகத்தில் பதில் தேடும் முறையொன்றை நீங்களே வகுத்திருந்தால் எழுதத்தக்க பொருள் இருக்கிறது. பிறர் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மாடலை இணைத்து ஒரு திரை செய்திருந்தால், நிரலைப் பதிப்புரிமையில் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்காட்சியைப் பற்றியும் கவனமாக இருங்கள். கண்காட்சிகளைப் பொறுத்தவரை, பிரிவு 31 தரும் 12 மாதச் சலுகை மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கே உரியது. கல்லூரி அரங்கத்துக்கு அது பொருந்தாது. முதலில் தாக்கல், பிறகு காட்சி.

கொருக்குப்பேட்டை வாசகர்: செயலி ஐடியா ஒன்று இருக்கிறது. பேட்டன்ட் எடுக்கலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். எண்ணத்துக்கு உரிமை கிடையாது. அதைச் செய்து முடிக்கும் வழிக்குத்தான் உரிமை.

காசிமேடு வாசகர்: மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறோம். எந்தப் படகு எப்போது ஏற வேண்டும், வெல்டிங் முடிந்து பெயின்ட் எப்போது அடிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் மென்பொருள் என் மகன் எழுதியது. காப்புரிமை கிடைக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்குள் எல்லாப் படகுகளும் கடலுக்குத் தயாராக வேண்டும் என்னும்போது உங்கள் மகனின் உழைப்பு மிகவும் பயனுள்ளது. ஆனால் வேலைகளை வரிசைப்படுத்தும் முறை மட்டும் பிரிவு 3(கே)யைத் தாண்டாது. வேலைகளைத் திட்டமிட்டு வரிசைப்படுத்தும் பழைய முறைகளான கான்ட் வரைபடம், 1957இல் டியூபாண்ட் நிறுவனத்துக்காக உருவான கிரிட்டிக்கல் பாத் முறை, அமெரிக்கக் கடற்படையின் 1958ஆம் ஆண்டு பெர்ட் முறை ஆகியவை அனைத்தும் வெளியாகிவிட்டவை. நிரலைப் பதிப்புரிமையிலும், படகுகளைப் பற்றிய அளவுகளையும் அனுபவக் கணக்குகளையும் ரகசியமாகவும் காத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் வாசகர்: அப்படியென்றால் கர்மார்க்கருக்குக் கணக்குக்கே காப்புரிமை கொடுத்தார்களே?

கொடுத்தது அமெரிக்கா. பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்க்கர் 1984இல் வெளியிட்ட லீனியர் புரோகிராமிங் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த பங்கீட்டைக் கண்டறியும் கணக்கு) முறைக்கு 1988இல் 4,744,028 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. உரிமைக்கோரல்கள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியங்கள்) வளப் பங்கீட்டைச் செய்யும் முறையாக எழுதப்பட்டிருந்தன. 2014இல் ஆலிஸ் வழக்கில், பொதுவான எண்ணம் ஒன்றைக் கணினியில் செய்வது மட்டும் போதாது என்று கூறி, அந்நாட்டு உச்சநீதிமன்றமே அந்தக் கதவைப் பெரிதும் குறுக்கிவிட்டது.

திருவொற்றியூர் வாசகர்: அப்படியென்றால் நம் சட்டம் நம் பிள்ளைகளுக்குத்தானே அநீதி செய்கிறது? பெரிய நிறுவனங்கள் சாமர்த்தியமாக எழுதி வாங்கிவிடுகின்றன.

இதை நான் ஏற்கவில்லை. வரிசைப்படுத்தும் கணக்கை யாரேனும் 20 ஆண்டுகளுக்குப் பூட்டி வைத்திருந்தால், காசிமேட்டுப் பிள்ளை தன் நிரலை எழுதவே பணம் கட்டியிருப்பார். பிரிவு 3(கே) அவரைத் தடுக்கிறது என்பதைவிட, அவரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. எழுத்துத் திறமையால் சிலர் வாங்கிவிடுகிறார்கள் என்பது உண்மை. அதற்குப் பிரிவு 25(1) இருக்கிறது: வெளியான விண்ணப்பத்தை, உரிமை வழங்கப்படும் முன், எவரும் எதிர்க்கலாம். எதிர்க்காமல் குறை சொல்வதில் பயனில்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

எண்ணூர் வாசகர்: ஓடும் மாதிரி செய்து முடித்த பிறகுதானே விண்ணப்பிக்க முடியும்?

வேண்டியதில்லை. துறை அறிந்தவர் படித்துச் செய்யக்கூடிய அளவுக்கு விவரம் இருந்தால் போதும். அமெரிக்க இயற்பியலாளர் கார்டன் கௌல்ட் 1957 நவம்பரில் லேசர் பற்றிய குறிப்பேட்டை நோட்டரியிடம் சான்றளித்து வைத்தார்; மாதிரி வேண்டும் என்று எண்ணிக் காத்திருந்து 1959இல்தான் விண்ணப்பித்தார். அதே கருத்தில் ஆய்வு செய்த இயற்பியலாளர்கள் ஷாலோவும் டவுன்ஸும் 1958இலேயே விண்ணப்பித்து 1960இல் பெற்றுவிட்டார்கள். கௌல்ட் தமது முதல் லேசர் காப்புரிமையைப் பெற்றது 1977இல். நோட்டரி முத்திரை விண்ணப்பத் தேதி ஆகாது.

மணலி வாசகர்: உலகம் முழுவதற்குமான காப்புரிமை எவ்வளவு செலவாகும்?

அப்படி ஒன்று இல்லை. நாடுதோறும் தனித்தனியே வாங்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகர்: ஃபிரேமின் வடிவத்துக்கு?

வடிவமைப்புச் சட்டம், 2000. அங்கே விண்ணப்பியுங்கள்.

புளியந்தோப்பு வாசகர்: என் ஒளிவிளக்குக் கருவியை யூடியூபில் போட்டுவிட்டேன். இப்போது விண்ணப்பிக்கலாமா?

இதே எச்சரிக்கையை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. காணொளியில் காட்டிய அம்சங்களுக்கு இனி வழியில்லை. அதன் பிறகு ஏதேனும் மேம்பாடு செய்திருந்து, அது வெளிப்படையாகத் தோன்றும் மாற்றமாக இல்லாமல், காணொளியிலும் வராமல் இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். அதுவரை அடுத்த காணொளியை ஏற்ற வேண்டாம்.