வாசகர் கேட்டவை: 600 கஜ ரைஃபிள் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சென்ற இதழில், ஃபீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி ரேஞ்சில் நாங்கள் சுடும் 600 கஜப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கல்லூரியில் என்சிசியில் பாயிண்ட் 22 சுட்டதோடு சரி. இப்போது க்ரீன் கார்டு வந்துவிட்டது. எங்கள் ஊர் கிளப்பில் மாதம் ஒரு முறை மிட்-ரேஞ்ச் (நடுத்தர தூர) போட்டி நடக்கிறது. எந்த ரைஃபிளை வாங்கிக்கொண்டு போவது? கடையில் 6.5 க்ரீட்மூர் தோட்டா சுடும் ரைஃபிளை எடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஆஸ்டின்

தம்பி, முதல் தடவை எதையும் வாங்காமல் போங்கள். மேட்ச் டைரக்டருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் புதியவன், இந்த மாதம் சுடவில்லை, பிட்டில் வேலை செய்ய வருகிறேன்." இப்படி வருகிற ஆளை எந்த கிளப்பும் வேண்டாம் என்று சொல்லாது.

பிட் என்பது டார்கெட்டுகளுக்குக் கீழே, மண்மேட்டுக்கும் சுவருக்கும் பின்னால் இருக்கும் பள்ளம். தலைக்கு மேலே சுருக்கென்று ஒரு வெடிச்சத்தம் கேட்கும். உடனே டார்கெட்டைக் கீழே இறக்கி, துளை விழுந்த இடத்தில் வட்டத் தட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி மூடி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். நல்ல கைகள் இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். ஒரு மணி நேரம் அங்கே நின்றால் போதும், ஒருவருடைய குண்டுகள் எப்படிக் கூட்டமாக விழுகின்றன, காற்று மாறியதும் அந்தக் கூட்டம் எப்படிப் பக்கவாட்டில் நகர்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். மைக்ரோஃபோன் வைத்த எலெக்ட்ரானிக் டார்கெட்டுகள் பல இடங்களில் வந்துவிட்டன. வசதிதான், நேரமும் மிச்சம். ஆனாலும் புதியவர் ஒரு தடவையாவது பிட்டில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதியத்துக்குள் யாராவது ஒருவர் தன் ரைஃபிளைக் கொடுத்து, "ஐந்து ரவுண்டு சுட்டுப் பார்" என்பார். இந்த விளையாட்டில் அது சாதாரணமாக நடக்கும்.

அப்புறம் வாங்குங்கள். தாங்கியும் ஸ்கோப்பும் வைத்துப் படுத்துச் சுடும் போட்டிக்கு எஃப்-கிளாஸ் என்று பெயர். அதில் பைபாடு (இரண்டு கால் தாங்கி) வைத்துச் சுடும் எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே இடம். 6.5 க்ரீட்மூர் அருமையான தோட்டாதான். ஆனால் அதோடு எஃப்-கிளாஸில் இறங்கினால் எஃப்-ஓபன் பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அங்கே 10 கிலோ வரை எடையுள்ள, போட்டிக்கென்றே கட்டிய ரைஃபிள்கள் வரிசை கட்டி நிற்கும். முதல் வருடம் அவர்களோடு மோத வேண்டிய அவசியம் இல்லை.

நான் சொல்வது .223 போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் ரைஃபிள்). உதை குறைவு, தோட்டா விலை குறைவு, பேரல் நீண்ட நாள் உழைக்கும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: பேரலின் ட்விஸ்ட் (குண்டைச் சுழலவைக்கும் உட்புறத் திருகு) 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அப்போதுதான் 77, 80 கிரெய்ன் எடையுள்ள நீளமான குண்டுகள் ஆடாமல் போகும். மலிவாகக் கிடைக்கும் 55 கிரெய்ன் தோட்டாக்களை 600 கஜத்துக்குக் கொண்டுவராதீர்கள். லேசான காற்றே அவற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டில் ஏற்கெனவே நல்ல ஏஆர்-15 இருந்தால் அதோடும் வரலாம். ராணுவ வகை ரைஃபிள்களுக்கான சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பை 2016 முதல் அனுமதிக்கிறார்கள். மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் கருவி) இருந்தால் கழற்றிவிடுங்கள். எஃப்-கிளாஸில் அதற்கு அனுமதி இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவர் முகத்தில் அந்தக் காற்று அறைந்தால் அவர் எப்படிச் சுடுவார்?

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு அழைக்கிறார். சொந்தமாக வாங்கப்போவதில்லை, அவருடைய ரைஃபிளை வாங்கிச் சுட்டால் பிரச்சினை இல்லைதானே?
– வாசகர், சான் ஹோசே

பிரச்சினை இருக்கிறது. தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், உங்களைப் போன்ற நண்பர்களுக்கும் சொல்லுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். சொந்தமா, இரவலா என்பது கணக்கில்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் அதே நிலைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. ஆனால் அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். பத்து வருட உழைப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

அதற்காக ரேஞ்ச் பக்கமே போகாமல் இருக்க வேண்டியதில்லை. பிட்டில் நிற்கலாம், ஸ்கோர் எழுதலாம், ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தாங்கியில் தனியே நிற்கும் தொலைநோக்கி) காற்றைப் படிக்கலாம். இவை எதற்கும் துப்பாக்கியைத் தொட வேண்டாம். மத்திய சட்டத்தின்படி ஏர் ரைஃபிள் துப்பாக்கியில் சேராது, ஆகவே 10 மீட்டர் சுடுதலைப் பழகவும் வழி இருக்கிறது. ஆனால் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் அதற்கும் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். க்ரீன் கார்டு வருகிற நாளில் நீங்கள் காற்றையும் விதிகளையும் அறிந்த ஆளாக வரிசையில் படுப்பீர்கள்.

எனக்கு 63 வயது. கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது, இடது தோளிலும் வலி. பணி ஓய்வுக்குப் பிறகு இதைத் தொடங்குவது சரியா?
– வாசகர், டூசான்

ஐயா, எஃப்-கிளாஸ் உருவானதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குஹார்சன், வயதானதால் தோல்வாரும் (ரைஃபிளைக் கையோடு இறுக்கிப் பிடிக்கும் வார்) இரும்பு சைட்டும் வைத்துச் சுட முடியாமல் போனவர்கள் விளையாட்டை விட்டுவிடக் கூடாதென்று ஸ்கோப்பையும் தாங்கியையும் அனுமதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'எஃப்'. தோளில் வார் இழுக்காது, ரைஃபிளின் எடையைப் பைபாடே தாங்கும். படுத்து எழுந்திருக்க முடிந்தால் போதும். ஒரு தடித்த பாயை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தோள் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

100 கஜத்தில் என் .308 ஒரே துளையில் அடுக்குகிறது. 600 கஜத்தில் 7, 8 மதிப்பெண் என்று சிதறுகிறது. ஸ்கோப்பை மாற்ற வேண்டுமா?
– வாசகி, லாஸ் வேகாஸ்

வேண்டாம் அம்மா. உங்கள் ரைஃபிள் நன்றாக இருக்கிறது. இனி காற்றைப் படிக்க வேண்டும்.

உயரக் கணக்கு சுலபம். 100 கஜத்துக்குச் சரிசெய்த .308, 175 கிரெய்ன் குண்டோடு 600 கஜத்தில் ஏறக்குறைய எட்டு அடி கீழே போகும். ஸ்கோப்பில் சுமார் 15 எம்ஓஏ (100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலமாகும் கோண அளவு) ஏற்றினால் சரியாகிவிடும், நாள் முழுக்கப் பெரிதாக மாறாது. காற்று அப்படியல்ல. மணிக்கு 10 மைல் வேகத்தில் நேர் பக்கவாட்டில் வீசும் காற்று அதே குண்டை 30 அங்குலத்துக்கும் மேல் தள்ளும். அதாவது 2 மைல் வித்தியாசத்துக்கு 6 அங்குலம். எஃப்-கிளாஸ் டார்கெட்டில் 10 மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவே 6 அங்குலம்தான். நடுவில் குறிவைத்தும் காற்றின் வேகத்தை ஒரு மைலுக்கு மேல் தவறாகக் கணித்தால் பத்து கைவிட்டுப் போகிறது. தோல்வார் பிரிவின் டார்கெட்டில் அந்த வட்டம் 12 அங்குலம், ஆகவே அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.

சரி, எப்படிப் படிப்பது? ரேஞ்சில் நட்டிருக்கும் காற்றுக் கொடிகளைப் பாருங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் பக்கத்துக் கொடி ஒன்று, நடுவில் ஒன்று. குண்டு புறப்பட்ட புதிதிலேயே காற்று அதைத் திருப்பிவிட்டால் அந்தக் கோணம் டார்கெட் வரை தொடரும், அதனால் முன்பக்கக் காற்றை அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்தது கானல். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஃபோகஸை டார்கெட்டிலிருந்து சற்று முன்னால் கொண்டுவந்தால் கானல் ஓடை போல ஓடுவது தெரியும். மெல்லிய காற்றில் அலைகள் சாய்ந்து நகரும், காற்று வலுத்தால் படுத்து வேகமாக ஓடும். நேர் மேலே கொதிக்கிற மாதிரி இருந்தால் சுடாதீர்கள்: காற்று திசை மாறப்போகிறது, அல்லது உங்களுக்கு நேர் எதிரிலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ வருகிறது. எங்கள் அரிசோனா வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் கொடியைவிடக் கானலைத்தான் நம்புகிறேன்.

சாய்வாக வரும் காற்றில் பலர் தவறு செய்கிறார்கள். 45 டிகிரியில் வந்தால் பாதி பலம் என்று எண்ணுகிறார்கள். அப்போது சுமார் 70 சதவீத பலம் இருக்கும், 30 டிகிரியில்தான் பாதி.

கடைசியாக விழுந்த குண்டைத் துரத்தாதீர்கள். அது 8 ஆனதற்குக் காரணமான காற்று இப்போது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போய்விட்டிருந்தால் திருத்தம் உங்களை மறுபக்கத்து 8க்குத்தான் கொண்டுபோகும். ஒரு சுற்றில் 20 குண்டுகள், குண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கிறது. காற்று பழைய நிலைக்குத் திரும்பும் வரை காத்திருக்க அது தாராளம். ஒவ்வொரு குண்டுக்கும் கொடி எப்படி நின்றது, ஸ்கோப்பில் எத்தனை க்ளிக் திருப்பினீர்கள், எங்கே விழுந்தது என்று நோட்டில் குறியுங்கள். புது ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் மேட்ச் தோட்டா வாங்கிச் சுடுங்கள். தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு டாலர் ஆகிறது. மூன்று சுற்றுள்ள ஒரு போட்டிக்கு, சைட்டர்களோடு (கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள்) எழுபது தோட்டா தேவைப்படும்.

விதிமுறைகள் தெரியாமல் எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், டென்வர்

பயப்பட வேண்டாம். பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், மற்றதை அங்கே சொல்லித் தருவார்கள். போல்ட் திறந்திருக்க வேண்டும், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) பளிச்சென்ற பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். முன்னால் யாராவது போயிருக்கும்போது, அது ஒருவரே ஆனாலும், ரைஃபிளில் கை வைக்காதீர்கள், ஸ்கோப் வழியாகப் பார்ப்பதும் கூடாது. "சீஸ் ஃபயர்" என்ற குரலை யார் கொடுத்தாலும், விரல் டிரிகரில் அழுந்திக்கொண்டிருந்தாலும், அந்த நொடியே நிறுத்துங்கள். காதுக்குள் ஒரு அடைப்பான், மேலே மஃப், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நிறையத் தண்ணீர். உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்கோர் எழுதுவார், அடுத்த சுற்றில் அவருக்கு நீங்கள் எழுதுவீர்கள். ஒவ்வொரு குண்டின் மதிப்பையும் சத்தமாகச் சொல்லி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் எழுதும் முன்பே கேளுங்கள்.