கட்டற்ற டெஸ்க்டாப் மென்பொருளில் நிரல் மாற்றங்களை விரைவாகச் சோதிப்பது எப்படி?

லிப்ரேஆபிஸ் போன்ற பெரிய மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்ற) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. முதல் முறைதான் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதன் பிறகு நீங்கள் தொட்ட தொகுதியை மட்டும் கம்பைல் செய்தால் போதும். லிப்ரேஆபிஸில் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டர் என்றால் 'எஸ்டபிள்யூ' (sw) தொகுதி. கணினியில் நிறுவவும் தேவையில்லை, பில்ட் செய்த அடைவிலிருந்தே இயக்கலாம்.

நேரத்தை விழுங்குபவை ஹெடர் கோப்புகள், அதாவது பல நிரல் கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள். ஒரு ஹெடரைத் தொட்டால், அதை இன்க்ளூட் செய்யும் அத்தனை கோப்புகளும் மறுபடி கம்பைல் ஆகும். அதனால் ஒரு யோசனை தேறுமா என்று பார்க்கும்வரை முடிந்ததையெல்லாம் ஒரே சி++ கோப்புக்குள் வைத்துக்கொள்கிறேன். உறுதியான பிறகே ஹெடருக்கு நகர்த்துகிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் (git) கிளை மாறுவதும் இதே தொல்லைதான். வேறு கிளைக்குப் போய்த் திரும்பினால், இடையில் வேறுபட்ட கோப்புகளின் உள்ளடக்கம் பழையபடியே இருந்தாலும் நேரம் புதிதாகிவிடும். எதைக் கம்பைல் செய்வது என்று முடிவுசெய்யும் மேக் (make) கருவி அந்த நேரத்தைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் கிட் வொர்க்ட்ரீயில் தனி அடைவு வைத்துக்கொள்ளுங்கள். சிகேஷ் (ccache) என்ற கருவியும் அவசியம்: ஒருமுறை கம்பைல் ஆனது அப்படியே மீண்டும் வந்தால், சேமித்துவைத்த முடிவை எடுத்துத் தந்துவிடும்.

சோதிக்கும்போது தனிப் பயனர் சுயவிவரத்தில் இயக்குங்கள். என் பழைய அமைப்புகளில் ஒன்று வழுவை (நிரல் பிழையை) மறைத்துக்கொண்டிருந்ததை அறியாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

வழு எப்போது நுழைந்தது என்று தெரியவில்லையா? கிட் பைசெக்ட் இருக்கிறது. பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதால் 1,000 கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) சுமார் 10 சோதனைகளில் அலசிவிடலாம். லிப்ரேஆபிஸ் திட்டத்தில் முன்கூட்டியே கம்பைல் செய்த பதிப்புகளைக் கொண்ட பைபைசெக்ட் களஞ்சியங்களும் உண்டு. தேடும்போது கம்பைல் செய்யவே வேண்டாம். இவ்வளவு பெரிய உதவியைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

மெனுவைத் திறந்து, கோப்பை ஏற்றி, சொடுக்கிப் பார்ப்பதை மூன்றாவது முறை செய்ய நேர்ந்தால் அங்கேயே நிறுத்தி, அதைத் தானாக ஓடும் ஓர் அலகுச் சோதனையாக எழுதிவிடுங்கள். அந்த ஒரு சோதனையை மட்டும் தனியாக ஓட்டலாம். பேட்சை (உங்கள் மாற்றங்களின் தொகுப்பை) அனுப்பும் முன் உங்கள் திருத்தத்தை நீக்கிவிட்டு அதை ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் தேறிவிட்டால், அது உங்கள் வழுவைத் தொடவே இல்லை; சோதனையைத் திருத்தி எழுத வேண்டும்.