வாஸ் போட்டும் பத்து மீட்டர் தள்ளியே காட்டுகிறதே: கையடக்க ஜிபிஎஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஒருவர் எங்கோ ஒரு டப்பாவை (அதுதான் 'கேச்') மறைத்து அதன் ஜிபிஎஸ் எண்களைப் பகிர, மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதை ஆடுகிறவர்கள் கேட்டவற்றில் முக்கால்வாசி ஒரே ரகம்தான்: கருவி காட்டிய இடத்தில் டப்பா இல்லை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், செட்டிங்கில் 'வாஸ்/எக்னாஸ்' என்று ஒன்று இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆன் பண்ணி வைத்திருக்கிறேன். அது என்னதான் செய்கிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து உங்கள் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும். கோளின் கடிகாரம் 10 நானோ விநாடி பிசகினாலே தூரத்தில் 3 மீட்டர் போச்சு. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கோள் சொல்லும் இடத்திலும் சிறு பிசகு இருக்கும். இவற்றைவிடப் பெரிய தொல்லை அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு. அதைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகும். அதனால் வரும் பிழை சாதாரணமாகச் சில மீட்டர், சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் பல பத்து மீட்டர்.

இந்த மூன்றையும் திருத்தத்தான் வாஸ். மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட இடங்களில் தரை நிலையங்கள் நிற்கின்றன. தாங்கள் இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியும் என்பதால், ஜிபிஎஸ் சொல்வதில் எவ்வளவு பிசகு என்று கண்டுபிடித்துவிடும். அந்தத் திருத்தங்களை ஒரு மைய நிலையம் தொகுத்து, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும் புவிநிலைக் கோளுக்கு ஏற்றி அனுப்புகிறது. அங்கிருந்து அது ஜிபிஎஸ் பயன்படுத்தும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் இறங்குவதால் உங்களுக்குத் தனி ஆன்டெனா வேண்டாம். 2003-இல் விமானங்களுக்காக அமெரிக்காவில் வந்தது வாஸ். ஐரோப்பாவின் எக்னாஸ், இந்தியாவின் ககன், ஜப்பானின் எம்சாஸ் எல்லாம் அதே வேலையைச் செய்பவை. செட்டிங்கில் 'வாஸ்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் பெரும்பாலான கருவிகள் மற்றவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: திருத்தம் உண்மையிலேயே வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல கருவிகளில் திருத்தம் கிடைத்த கோளின் சிக்னல் பட்டைக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்து தெரியும். புவிநிலைக் கோள்களுக்கு அங்கே பெரும்பாலும் 33-க்கு மேற்பட்ட எண் இருக்கும். அதோடு 87-ஐக் கூட்டினால் உண்மையான எண் கிடைக்கும். 40 என்று தெரிந்தால் அது 127, அதாவது ககன் கோள்களில் ஒன்று.

ஆன் செய்த உடனே 'டி' வராது. திருத்தத் தகவல் விநாடிக்கு 250 பிட் வேகத்தில்தான் சொட்டுகிறது. அயனி மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் திருத்தங்கள் முழுவதும் வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் கருவியைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு அந்தப் புவிநிலைக் கோளின் பட்டை நன்றாக உயர்ந்து நிற்கிறது, ஆனால் 'டி' வரவே இல்லை. கருவி பழுதா?

பழுதில்லை. கோளின் சிக்னல் பூமியில் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு எட்டும். ஆனால் தரை நிலையங்கள் ஒரு குறிப்பிட்ட பகுதியில்தான் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு வெளியே, உங்கள் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்துக்கு யாரும் கணக்குப் போட்டுத் தரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வாஸை அணைத்துவிட்டால் பேட்டரியாவது மிஞ்சும்.

கேள்வி: அண்ணா, 'டி' எல்லா பட்டையிலும் இருக்கிறது. இருந்தும் அடர்ந்த மரங்களுக்கு அடியில் அம்பு ஒருமுறை இடது பக்கம் 12 மீட்டர் என்கிறது, அடுத்த நிமிடம் வலது பக்கம் 15 என்கிறது. அப்புறம் எதற்கு இந்தத் திருத்தம்?

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். வாஸ் திருத்துவது வானத்தில் நடக்கும் பிழையை. உங்கள் தலைக்கு மேல் பத்து மீட்டரில் நடப்பது அதற்குத் தெரியாது. பாறைச் சுவரிலோ கட்டடத்திலோ பட்டுச் சுற்றி வரும் சிக்னல், நேராக வந்ததைவிட நீண்ட வழியில் வருகிறது. கருவி அதையும் நம்பித் தூரத்தைக் கூட்டிப் போட்டுவிடும். இலைகள் சிக்னலை நலிய வைக்கின்றன. நனைந்த இலை இன்னும் மோசம். கருவியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கும்.

பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல்: தெரிவது ஒரு கீற்று வானம். எல்லாக் கோள்களும் ஒரே பக்கம் குவிந்துவிட்டால் சிறு பிழையும் பலமடங்கு பெருகும். கோள்கள் வானத்தில் எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதைக் குறிக்கும் ஹெச்டாப் என்ற எண்ணைக் கருவி காட்டினால் பாருங்கள்: 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 4, 5 என்று ஏறினால் அம்பை நம்பி முள்ளுக்குள் நுழையாதீர்கள்.

இங்கே உதவுவது கூடுதல் கோள்கள். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எது இருந்தாலும் ஆன் பண்ணுங்கள். வாஸும் எக்னாஸும் இவற்றுக்குத் திருத்தம் தருவதில்லை, ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும்தான். ஆனாலும் காட்டுக்குள், திருத்திய ஐந்து கோளைவிடத் திருத்தாத பதினைந்து கோள் மேல் என்பதே என் கட்சி. எல்5 என்ற இன்னொரு ஜிபிஎஸ் அலைவரிசையும் சேர்ந்த இரட்டை அலைவரிசைக் கருவி என்றால் இன்னும் நல்லது. அயனி மண்டலத் தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கருவியே அதைக் கழித்துவிட முடியும். எதிரொலித்து வரும் சிக்னலைப் பிரித்தறிவதிலும் எல்5 கெட்டி.

கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 20 மீட்டர் முன்பே திறந்த இடத்தில் நின்று, அம்பு நிலைத்ததும் திசையையும் தூரத்தையும் மனதில் வாங்குங்கள். வேறொரு பக்கம் போய் அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

கேள்வி: திரையில் துல்லியம் 3 மீட்டர் என்று போட்டிருந்தது. டப்பா கிடைத்ததோ 9 மீட்டர் தள்ளி. பொய் சொல்கிறதா?

பொய்யில்லை, மதிப்பீடு. '3 மீட்டருக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்' என்றுதான் பொருள், உத்தரவாதம் இல்லை. அந்த வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதிலும் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே கணக்கு கிடையாது. அதனால் இரண்டு கருவிகளின் எண்ணைப் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று சண்டை போடுவது வீண்.

அதோடு மறைத்தவரிடமும் ஒரு கருவி இருந்ததே! அவருடையதில் 5 மீட்டர், உங்களுடையதில் 5 மீட்டர் என்றால் சேர்ந்து சுமார் 7 மீட்டர் வரும். நேரெதிர்த் திசையில் விழுந்தால் 10. உங்கள் 9 மீட்டரில் அதிசயம் எதுவும் இல்லை.

கேள்வி: முதல்முறையாக நானே ஒரு கேச் மறைக்கப் போகிறேன். தேடுகிறவர்கள் திட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒரே புள்ளியைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் 'வேபாயிண்ட் சராசரி' வசதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று எடுத்த சராசரிக்குப் பெரிய மதிப்பு இல்லை. அந்த ஐந்து நிமிடமும் கோள்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும்; எதிரொலிப்பும் அதேதான். ஒரே தவறை நூறு முறை கூட்டி நூறால் வகுத்தால் அதே தவறுதான் வரும். சில கருவிகளின் கையேட்டில் குறைந்தது 90 நிமிட இடைவெளியில் நான்கு முதல் எட்டு முறை எடுக்கச் சொல்லியிருப்பது இதற்காகத்தான். வேறொரு நாள் வேறொரு நேரத்தில் போய் எடுத்தால் இன்னும் உத்தமம்.

பிறகு 30 மீட்டர் தள்ளிப் போய், நீங்கள் பதிந்த எண்ணை வைத்து நீங்களே தேடி வாருங்கள்.

கேள்வி: நான் 700 மீட்டர் தள்ளிப் போய் நின்றேன். வாஸ் கோளாறா?

அவ்வளவு தூரம் போனால் வானத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், எண் வடிவத்தைப் பாருங்கள். கேச் பக்கங்களில் பாகையும் தசம நிமிடமும்தான் இருக்கும். 34.567 நிமிடம் என்பதை 34 நிமிடம் 56.7 விநாடி என்று அடித்தால் வடக்கு-தெற்கில் சரியாக அந்த 700 மீட்டர்தான் தப்பும். டேட்டம் (எண்கள் எந்தப் பூமி மாதிரியை வைத்துக் கணக்கிடப்பட்டவை என்பது) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய வரைபட டேட்டத்தில் கிடந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துவிடும்.

கேள்வி: நில அளவைக்காரர்கள் ஆர்டிகே என்ற உயர்துல்லிய ஜிபிஎஸ் கருவி வைத்து சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்களே. அதை வாங்கினால்?

வாங்கலாம். மறைத்தவர் 5 மீட்டர் பிசகில் பதிந்திருந்தால், அவர் பதிந்த தவறான புள்ளியில் சென்டிமீட்டர் சுத்தமாகப் போய் நிற்பீர்கள். கேச்சின் எண்ணில் கடைசி இலக்கமே, அதாவது 0.001 நிமிடமே, வடக்கு-தெற்கில் 1.85 மீட்டர். அதற்குக் கீழே எழுதவே இடமில்லை.

கேள்வி: பக்கத்தில் போனதும் அம்பு சுற்றிச் சுற்றி ஆடுகிறது.

காந்தத் திசைகாட்டி இல்லாத கருவிக்கு நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும், நின்றால் தடுமாறும். திசைகாட்டி இருந்தால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அளவு திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டு 2000-இல்தான் தொடங்கியதாமே? அதற்கு முன்பும் ஜிபிஎஸ் இருந்ததே, ஐயா?

இருந்தது. ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தப்பும். அந்தக் கலைப்பை 2000 மே 2 அன்று நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகனில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து அதன் கோஆர்டினேட்டை இணையத்தில் போட்டார். முதல் கேச் அதுதான். அப்போது வாஸ் செயல்பாட்டுக்கே வரவில்லை. திருத்தம் இல்லாமலேதான் தேடிக் கண்டுபிடித்தார்கள்.